குழந்தையின் கைக்கு வருமுன்னே: காசநோய்த் தடுப்பூசி கடந்துவரும் சோதனைகள்

நம்மில் பெரும்பாலோரின் இடது புயத்தில் சிறு தழும்பொன்று உண்டு. காசநோயைத் தடுப்பதற்காகப் போடப்பட்ட பி.சி.ஜி. ஊசியின் அடையாளம் அது. 1961ஆம் ஆண்டில் நம் நாட்டில் தேசியக் காசநோய்த் தடுப்புத் திட்டம் தொடங்கப்பட்ட காலந்தொட்டு, தந்தையின் கையிலும் மகனின் கையிலும் பேத்தியின் கையிலும் அதே இடத்தில் அதே தழும்பு தொடர்ந்து வருகின்றது.

டெங்கில் வட்டாரம் ஒரு காலத்தில் பால்மரங்கள் நிறைந்த வட்டாரமாக இருந்தது. அங்கிருந்த தோட்டங்களுள் பிராங் புசார் தோட்டம் பெயர் பெற்றது. அத்தோட்டம் இருந்த இடத்தில் இன்று புத்ராஜெயா நகரம் நிற்கின்றது. அங்கிருந்து பெயர்ந்த குடும்பங்கள் பல, டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளில் குடியேறின. தோட்டம் மாறிற்று; லயத்து வீடு மாறிற்று. ஆனால், பிறந்த குழந்தையைக் கையில் ஏந்திய தாயின் உள்ளத்தில் எழும் ஐயம் மட்டும் மாறவில்லை. "உயிருள்ள கிருமியையா என் பிள்ளையின் உடம்பில் செலுத்துகிறார்கள்? அதனால் தீங்கு வராதென்று யார் கண்டது?" என்று அவர் கேட்கிறார்.

இக்கேள்வியை அறியாமை என்று ஒதுக்கிவிடுதல் முறையன்று. பெற்ற பிள்ளையின் உடம்பில் செலுத்தப்படும் பொருளைப் பற்றிக் கேட்கும் உரிமை ஒவ்வொரு தாய்க்கும் உண்டு. யார் கண்டது, எவ்வாறு கண்டது என்பதையே இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

தோட்டத்திலிருந்தே ஓர் உதாரணம்

பால்மரத்தோடு பழகிய நமக்கு இதனை விளங்கிக்கொள்வது கடினமன்று. 1921ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பிராங் புசார் தோட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒட்டுமர இனங்கள் 'பி.பி.' என்னும் எழுத்துகளோடு உலகெங்கும் பரவின. சுங்கை பூலோவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய இனங்கள் 'ஆர்.ஆர்.ஐ.எம்.' என்னும் எழுத்துகளோடு வெளிவந்தன. இவ்வினங்களுள் எதுவும் தோன்றிய மறு ஆண்டே ஆயிரம் ஏக்கரில் நடப்படவில்லை. முதலில் சிறிய பாத்தியில் சில மரங்களை நட்டுப் பார்த்தார்கள். பின்னர் பெரிய நிலத்தில் நட்டுப் பார்த்தார்கள். பால் எவ்வளவு வருகிறது, காற்றுக்கு ஒடிகிறதா, இலைநோய் தாக்குகிறதா, பட்டை காய்ந்து போகிறதா என்று ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்தார்கள். அதன் பின்னரே 'இது நடத் தகுந்தது' என்று பரிந்துரைத்தார்கள்.

ஒரு மரத்திற்கே இத்தனை சோதனை என்றால், ஒரு குழந்தைக்கு எத்தனை சோதனை வேண்டும்! மரத்தைச் சோதிப்பதற்குப் பாத்தி உண்டு. தடுப்பு மருந்தைச் சோதிப்பதற்கு, குழந்தைக்கு முன்னால் வேறோர் உயிரின் உடம்பு தேவைப்பட்டது. எலி, முயல், கினிப்பன்றி ஆகிய சிறு பிராணிகள் அப்பணிக்கு வந்து சேர்ந்தன.

பி.சி.ஜி. என்பது யாது?

தடுப்பு மருந்துகளுட் சில வைரசுகளிலிருந்தும், சில பாக்டீரியா என்னும் நுண்கிருமிகளிலிருந்தும் தயாரிக்கப்படுகின்றன. பி.சி.ஜி. இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அதில் உள்ளவை உயிருள்ள, ஆனால் வலுவிழந்த கிருமிகள்.

பிரான்சு நாட்டின் லீல் நகரில் கால்மெட், கேரன் என்னும் இரு அறிஞர்கள், மாடுகளுக்குக் காசநோயை உண்டாக்கும் கிருமியை 1908ஆம் ஆண்டில் எடுத்துக்கொண்டார்கள். மாட்டுப் பித்தநீரும் கிளிசரினும் சேர்த்த உருளைக்கிழங்குத் துண்டுகளின்மேல் அதனை வளர்த்தார்கள். சில வாரங்களுக்கு ஒருமுறை புதிய துண்டுக்கு மாற்றி, 13 ஆண்டுகளில் 230 தடவை இவ்வாறு செய்தார்கள். முடிவில் அக்கிருமி பிராணிகளுக்கு நோயை உண்டாக்கும் ஆற்றலை இழந்துவிட்டது. எனினும், உண்மையான காசநோய்க் கிருமியை அடையாளங்கண்டு எதிர்க்கும் பயிற்சியை உடம்புக்கு அளிக்கும் ஆற்றல் அதற்கு இருந்தது. 1921ஆம் ஆண்டில் பாரிசில் முதன்முதலாக ஒரு குழந்தைக்கு அது வாய்வழியாகக் கொடுக்கப்பட்டது. அவ்விருவரின் பெயர்களுடைய முதலெழுத்துகளே பி.சி.ஜி. என்பதன் இறுதி இரண்டு எழுத்துகள்.

உயிருள்ள கிருமி என்பதால் அபாயமும் ஒன்று உண்டு. சாதுவான அக்கிருமி வளரும் குடுவைக்குள் வலுவான காசநோய்க் கிருமி சிறிதளவு புகுந்துவிட்டால் என்ன ஆகும்? கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இந்த அபாயம் வெறுங் கற்பனையன்று, நடந்தே விட்டது.

லூபெக் நகரத்துத் துயரம்

ஜெர்மனியின் லூபெக் நகரில், 1929ஆம் ஆண்டு இறுதியிலிருந்து 1930ஆம் ஆண்டு வசந்த காலம் வரையில் 251 பச்சிளங் குழந்தைகளுக்குப் பி.சி.ஜி. கொடுக்கப்பட்டது. மூலக் கிருமி பாரிசிலிருந்து வந்தது. மருந்து லூபெக் மருத்துவமனையின் சோதனைக்கூடத்தில் தயாரிக்கப்பட்டது. சில வாரங்களில் குழந்தைகள் நோயுற்றன. மொத்தம் 72 குழந்தைகள் காசநோயால் மாண்டன.

பி.சி.ஜி. கிருமியே மீண்டும் கொடிய வடிவம் எடுத்துவிட்டதோ என்று உலகமே அஞ்சியது. விசாரணையில் உண்மை வெளிப்பட்டது. அதே சோதனைக்கூடத்தில் கொடிய காசநோய்க் கிருமியும் வளர்க்கப்பட்டு வந்தது. அது மருந்தில் கலந்துவிட்டது. அதைவிடத் துயரமானது வேறொன்று. அம்மருந்தைக் குழந்தைகளுக்குக் கொடுக்குமுன் பிராணிகளுக்குச் செலுத்திச் சோதிக்கவில்லை. பொறுப்பிலிருந்த மருத்துவர்கள் இருவர் 1932ஆம் ஆண்டில் சிறைத்தண்டனை பெற்றனர். தண்டனையால் மாண்ட குழந்தைகள் மீளவில்லை. ஆனால், அத்துயரத்திலிருந்து உலகம் கற்ற பாடம் இன்றளவும் நம் குழந்தைகளைக் காத்து வருகின்றது.

ஆறு கினிப்பன்றிகள், ஆறு வாரங்கள்

கினிப்பன்றி என்பது பெயரளவில்தான் பன்றி. உண்மையில் அது வால் இல்லாத பெரிய எலியைப் போன்ற, புல் தின்னும் சாதுவான பிராணி. காசநோய்க் கிருமியை 1882ஆம் ஆண்டில் கண்டறிந்த ராபர்ட் கோக் தமது ஆராய்ச்சிக்கு இதனையே பெரிதும் பயன்படுத்தினார். காரணம், காசநோய் இதனை மிக எளிதில் தாக்கும். மனிதன் தாங்கிக்கொள்ளும் அளவுக்கும் மிகக் குறைந்த கிருமிகளே இதனை நோயில் தள்ளப் போதும். ஆகவே, மருந்தில் கொடிய கிருமி ஒளிந்திருந்தால் கினிப்பன்றியின் உடம்பு அதனைக் காட்டிக்கொடுத்துவிடும்.

உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த விதிகளின்படி நடைபெறும் சோதனை இது: ஏற்கெனவே காசநோய்க் கிருமி தீண்டாதவை என்று உறுதி செய்யப்பட்ட, 250 முதல் 400 கிராம் வரை எடையுள்ள கினிப்பன்றிகள் குறைந்தது ஆறு தேர்ந்தெடுக்கப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் மனிதருக்குப் போடும் அளவைப் போல் குறைந்தது 50 மடங்கு மருந்து செலுத்தப்படுகிறது. பின்னர் குறைந்தது ஆறு வாரங்கள் அவை கவனித்து வரப்படுகின்றன. உண்கின்றனவா, எடை கூடுகின்றதா, சோர்கின்றனவா என்பதெல்லாம் குறிக்கப்படுகின்றன. காலம் முடிந்ததும் அவற்றைக் கொன்று, நிணநீர்க் கட்டி, நுரையீரல், கல்லீரல், மண்ணீரல் முதலிய உறுப்புகளில் காசநோயின் அறிகுறி உண்டா என்று பார்க்கிறார்கள். ஒன்றில் அவ்வறிகுறி காணப்பட்டாலும் அம்மருந்துத் தொகுதி வெளியே போகாது.

ஐம்பது மடங்கு மருந்தை ஏன் செலுத்த வேண்டும் என்று கேட்கலாம். பாலம் ஒன்றைக் கட்டியவர், அதில் போகும் லாரியைவிடப் பன்மடங்கு பாரத்தை ஏற்றிப் பார்க்கிறார் அல்லவா? பெரிய பாரத்தைத் தாங்கிய பாலம் சிறிய பாரத்தைத் தாங்கும் என்னும் நம்பிக்கையே இங்கும் அடிப்படை.

சென்னையில் எழுந்த எதிர்ப்புக் குரல்

தமிழ் மக்களுக்கும் இச்சோதனைகளுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. இந்தியாவின் பி.சி.ஜி. தடுப்பு மருந்துச் சோதனைக்கூடம் 1948ஆம் ஆண்டில் சென்னை கிண்டியில், கிங் ஆய்வு நிலைய வளாகத்திலேயே அமைக்கப்பட்டது. நாடு தழுவிய பி.சி.ஜி. இயக்கத்திற்கு வேண்டிய மருந்து அங்கிருந்து சென்றது.

அதே சென்னையில்தான் அதற்கு எதிரான வலிமையான குரலும் எழுந்தது. குரல் கொடுத்தவர் சாதாரணமானவர் அல்லர். சென்னை மாநிலத்தின் முதலமைச்சராகவும், இந்தியாவின் தலைமை ஆளுநராகவும் விளங்கிய இராஜாஜி, 1955ஆம் ஆண்டில் பி.சி.ஜி.யைத் தாம் எதிர்ப்பதன் காரணங்களை ஒரு சிறு நூலாகவே எழுதி வெளியிட்டார். உயிருள்ள கிருமியைக் கோடிக்கணக்கான குழந்தைகளின் உடம்பில் செலுத்துவது தக்கதா என்னும் கேள்வி நாடெங்கும் விவாதிக்கப்பட்டது. டெங்கில் தாயின் ஐயமும் இராஜாஜியின் ஐயமும் ஒரே திசையில் எழுந்தவை என்பதைக் கூறவே இதனை இங்கு நினைவுகூர்கிறோம்.

ஐயத்திற்கு விடை வாதத்தால் மட்டும் கிடைப்பதில்லை, சோதனையால் கிடைக்கிறது. 1968ஆம் ஆண்டில் செங்கற்பட்டு மாவட்டத்தில் ஏறத்தாழ 260,000 பேரைக் கொண்டு மாபெரும் ஆய்வொன்று தொடங்கப்பட்டது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைப் பி.சி.ஜி. அங்குத் தடுக்கவில்லை என்பதே அதன் முடிவு. இம்முடிவு மறைக்கப்படாமல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதே வேளையில், மூளை உறையைத் தாக்கும் காசநோய், உடம்பெங்கும் பரவும் காசநோய் ஆகிய கொடிய வகைகளிலிருந்து சிறு குழந்தைகளை அது காக்கிறது என்பது பல நாடுகளின் ஆய்வுகளால் உறுதிப்பட்டுள்ளது. பிறந்த குழந்தைக்கு இன்றும் அது போடப்படுவது இதனால்தான்.

கிண்டியின் வரலாற்றில் மற்றொரு பாடமும் உண்டு. மருந்து தயாரிக்கும் இடம் தரவிதிகளுக்கு ஏற்ப அமையவில்லை என்று கூறி, 2008ஆம் ஆண்டு ஜனவரியில் அச்சோதனைக்கூடத்தின் தயாரிப்பு உரிமத்தை இந்திய அரசாங்கம் நிறுத்திவைத்தது. 2010ஆம் ஆண்டில் அந்நிறுத்தம் நீக்கப்பட்டது. பிராணிச் சோதனையில் தேறினால் மட்டும் போதாது. கட்டடம், காற்று, நீர், பணியாளரின் கையுறை வரையில் எல்லாம் கண்காணிக்கப்பட வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

மற்றத் தடுப்பூசிகளின் சோதனைகள்

தொண்டை அடைப்பான், டெட்டனஸ் என்னும் இரணஜன்னி ஆகிய நோய்களில் கிருமியைவிட அது கக்கும் நஞ்சே கொடியது. அந்நஞ்சைப் பார்மலின் கொண்டு முறித்துத் தடுப்பு மருந்து செய்கிறார்கள். நஞ்சு முற்றிலும் முறிந்ததா என்பதைப் பன்னெடுங் காலமாகக் கினிப்பன்றிகளே காட்டி வந்தன. மருந்து செலுத்தப்பட்டவை வாரக்கணக்கில் நலமாக இருந்தால் நஞ்சில்லை என்று பொருள்.

இங்கும் ஒரு துயரம் நடந்திருக்கிறது. ஜப்பானின் கியோத்தோ நகரில் 1948ஆம் ஆண்டில் தொண்டை அடைப்பான் தடுப்பூசி போடப்பட்ட குழந்தைகளுள் 68 குழந்தைகள் மாண்டன. மருந்தின் ஒரு பகுதியில் நஞ்சு முறியாமல் தங்கிவிட்டது. சோதனைக்கு எடுத்த மாதிரியோ அப்பகுதியைக் காட்டவில்லை. இது நமக்குப் புதிதன்று. பால் நிறுக்கும் கொட்டகையில் வாளியை நன்றாகக் கலக்காமல் மேலாக மொண்டெடுத்த பால், உண்மையான ரப்பர்ச் சத்தைக் காட்டுமா? சோதனை சரியாக இருந்தாலும் மாதிரி சரியாக இல்லையெனில் பயன் இல்லை. அதனால்தான் மாதிரி எடுக்கும் முறைக்கும் இன்று கடுமையான விதிகள் உள்ளன.

கக்குவான் இருமலுக்கான பழைய முழுக்கிருமி மருந்தைச் சுண்டெலிகளின் எடையைக் கொண்டு சோதிப்பார்கள். 14 முதல் 16 கிராம் எடையுள்ள சுண்டெலிகளுக்கு மருந்து செலுத்தி, மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் நிறுப்பார்கள். மூன்றாம் நாளில் பழைய எடைக்குக் குறையாமலும், ஏழாம் நாளில் மருந்து பெறாத எலிகள் பெற்ற எடைவளர்ச்சியில் 60 விழுக்காட்டுக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். குழந்தை நலமாக வளர்கிறதா என்பதை அறியத் தாய் சேய் நல நிலையத்தில் எடை போட்டுப் பார்க்கிறோம் அல்லவா? அதே வழிதான் இது.

பிராணிகளை வருத்தலாமா?

வாடிய பயிரைக் கண்டும் மனம் வாடிய பெரியோர் பிறந்த இனம் நம்முடையது. நம் குழந்தைக்காக வேறோர் உயிர் துன்புறுவது முறையா என்ற கேள்வியும் நம்மிடையே எழவே செய்யும். அறிவியல் உலகமும் இக்கேள்வியைப் புறக்கணிக்கவில்லை. ரசல், பர்ச் என்னும் ஆங்கிலேய அறிஞர்கள் இருவர் 1959ஆம் ஆண்டில் மூன்று நெறிகளை வகுத்தனர். பிராணிக்குப் பதிலாக வேறு வழி இருந்தால் அதனைக் கைக்கொள்ளல், பிராணிகளின் எண்ணிக்கையைக் குறைத்தல், அவற்றின் துன்பத்தைத் தணித்தல் என்பன அவை.

அந்நெறிகளின் பயனாக மாற்றங்கள் வந்துள்ளன. மருந்துத் தொகுதிகளைச் சுண்டெலிகளுக்கும் கினிப்பன்றிகளுக்கும் செலுத்தி ஏழு நாள் பார்க்கும் பொதுச் சோதனையொன்று நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. தயாரிப்பு முறைகள் செம்மையடைந்த பின் அதனால் புதிய செய்தி எதுவும் கிடைப்பதில்லை என்று கண்டு, அதனைக் கைவிடுமாறு உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2018ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. சில நஞ்சுகளைக் கண்டறிய, பிராணிக்குப் பதிலாகக் கண்ணாடிக் கலத்தில் வளர்க்கப்படும் உயிரணுக்கள் பயன்படுகின்றன. நம் நாட்டிலும் 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், ஆராய்ச்சிக்குப் பிராணிகளைப் பயன்படுத்துவதைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்துள்ளது. தேவையற்ற துன்பத்தை நீக்குவதும், தேவையான சோதனையை விட்டுவிடாதிருப்பதும் ஆகிய இரண்டுமே அறம் எனக் கருதுகிறோம்.

சோதனைக்கூடத்திற்கு அப்பால்

பிராணிச் சோதனை மருந்துச் சாலையின் வாயில் வரையில்தான் காவல் நிற்கும். அதற்கப்பால் காவல் மனிதர் கையில் இருக்கிறது. பஞ்சாபில் மால்கோவால் என்னும் சிற்றூரில் 1902ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் 107 பேருக்குப் பிளேக் நோய்த் தடுப்பூசி போடப்பட்டது. ஒரே ஒரு புட்டியிலிருந்து மருந்து பெற்ற 19 பேர் மட்டும் இரணஜன்னியால் இறந்தனர். மருந்தைக் கண்டுபிடித்த ஹாப்கின் மீது பழி விழுந்தது. புட்டியைத் திறந்த இடத்திலேயே, தரையில் விழுந்த இடுக்கி வழியாகக் கிருமி புகுந்திருக்க வேண்டும் என்று அறிஞர்கள் பின்னர் எடுத்துக்காட்டினர். 1907ஆம் ஆண்டில் அவர் மீதிருந்த பழி நீங்கிற்று.

ஆகவே, மருந்தகத்தில் தாதியர் சில விதிகளைக் கண்டிப்பாகப் பின்பற்றுவதைக் காணும்போது நாம் பொறுமையிழக்கலாகாது. பி.சி.ஜி. மருந்து 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில், ஒளி படாமல் வைக்கப்படுகிறது. திறந்து கரைத்த புட்டியை ஆறு மணி நேரத்திற்குமேல் வைத்திருக்கக் கூடாது. மிச்சம் இருந்தாலும் எறிந்துவிட வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் புதிய ஊசி வேண்டும். நாட்டுக்குள் வரும் மருந்துகளைப் பெட்டாலிங் ஜெயாவில் 1978ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் அரசாங்க மருந்துக் கட்டுப்பாட்டு நிலையம் பரிசீலிக்கிறது. ஒவ்வொரு மருந்துத் தொகுதிக்கும் ஓர் எண் உண்டு. எங்கேனும் கோளாறு நேர்ந்தால் அவ்வெண்ணைக் கொண்டு அத்தொகுதி முழுவதையும் தேடிப்பிடித்து நிறுத்த முடியும்.

பெற்றோர் அறிய வேண்டியவை

சோதனைகள் எத்தனை நடந்தாலும், ஆயிரக்கணக்கானோரில் ஒருவருக்கு நேரும் அரிய விளைவை ஆறு கினிப்பன்றிகள் காட்ட இயலாது. ஆதலால் பெற்றோரின் கண்ணும் தேவை.

பி.சி.ஜி. போட்ட இடத்தில் இரண்டு முதல் ஆறு வாரங்களில் சிறு சிவந்த கட்டி தோன்றும். அது பழுத்து உடைந்து புண்ணாகி, இரண்டு மூன்று மாதங்களில் தழும்பாக ஆறும். இது இயல்பு. அதன்மேல் மஞ்சளோ எண்ணெயோ களிம்போ பூச வேண்டாம், பிதுக்கவும் வேண்டாம். தூய நீரால் கழுவிக் காற்றுப்பட விடுவதே போதும். அக்குளில் பெரிய நெறி கட்டினாலும், புண் ஆறாமல் சீழ் வடிந்துகொண்டே இருந்தாலும் உடனே மருந்தகத்திற்குச் செல்ல வேண்டும். நோயெதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தைக்கு இவ்வூசி ஆகாது. எனவே, குடும்பத்தில் அத்தகைய நோய் இருப்பின் ஊசி போடுமுன்னரே மருத்துவரிடம் மறைக்காமல் கூறிவிட வேண்டும்.

பெரியவர்களுக்கு ஒரு சொல். கையில் தழும்பு இருக்கிறதே என்று இருமலை அலட்சியம் செய்யாதீர்கள். இரண்டு வாரத்திற்குமேல் இருமல் நீடித்தால் சளியைச் சோதித்துக்கொள்ளுங்கள். காசநோயை மருந்தால் முற்றிலும் குணப்படுத்தலாம்.

2016ஆம் ஆண்டில் தொண்டை அடைப்பான் நம் நாட்டில் மீண்டும் தலைகாட்டிக் குழந்தைகளின் உயிரைப் பறித்தது. தடுப்பூசி போடப்படாத குழந்தைகளையே அது பெரிதும் தாக்கிற்று. ஐயம் கேள்வியாக வெளிப்பட்டால் அதற்கு விடை உண்டு. கேளாமலே ஊசியைத் தவிர்த்துவிட்டால், விடை சொல்லவரும் முன் நோய் வந்துவிடும்.

"யார் கண்டது?" என்று கேட்ட தாய்க்கு நாம் கூறும் விடை இதுதான்: கண்டவர்கள் இருக்கிறார்கள். ஆறு வாரம் கூண்டருகே நின்று எடை குறித்தவர்கள் கண்டார்கள். தவறிய இடங்களில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர்களின் கண்ணீரே அவர்களைக் காண வைத்தது. அடுத்த முறை மருந்தகத்திற்குச் செல்லும்போது, குழந்தையின் அட்டையில் மருந்தின் பெயரும் நாளும் எழுதப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். விளங்காததைத் தாதியிடம் கேளுங்கள். அந்த அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள்.